நிகழ்த்து வரைதல்: உடல், அடையாளம், உழைப்பு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நிகழ்த்து வரைதல் என்பது என்ன? மேடையில் படம் வரைந்து காட்டுவதா?

இல்லை. மேடையில் ஐந்து நிமிடத்தில் உருவப்படம் வரைபவருக்குக் கடைசியில் கிடைக்கும் படம்தான் முக்கியம். வேகம் வெறும் கவர்ச்சி. நிகழ்த்து வரைதலில் வரையும் செயல்தான் படைப்பு. தாளில் மிஞ்சுவது அந்தச் செயல் விட்டுப்போன தடம். அமெரிக்கக் கலைஞர் டாம் மரியோனி 1972-இல் செய்தது மிக எளிய உதாரணம்: உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரம் வரை பென்சிலால் கோடு இழுப்பது, திரும்பத் திரும்ப. கோட்டின் நீளத்தை அவருடைய ரசனை முடிவு செய்யவில்லை, கையின் நீளம் முடிவு செய்தது. கோட்டின் எல்லையை உடலோ நேரமோ ஒரு விதியோ தீர்மானிக்கும் இடத்தில் இந்தக் கலை தொடங்குகிறது.

இதில் ‘அடையாளம்’ எங்கே வருகிறது?

நீங்கள் அழைக்காமலே வந்துவிடும். உயரம், கையின் வீச்சு, இடக்கையா வலக்கையா, வயது, பழைய காயம், சிறுவயதில் எழுதப் பழகிய விதம் எல்லாமே கோட்டில் பதியும். தவிர, பார்வையாளர் கோட்டைப் பார்க்கும் முன் உங்களைப் பார்த்துவிடுவார். ஆணா பெண்ணா, என்ன நிறம், என்ன உடை என்று ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் தாளுக்குக் கண்ணைத் திருப்புவார். அந்தக் கணக்கோடு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

இதற்குக் கலை வரலாற்றில் ஒரு நீண்ட வாக்குவாதமே இருக்கிறது. 1960 மார்ச்சில் பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் ஈவ் க்ளைன், நிர்வாணமாக இருந்த பெண் மாடல்களை உடலில் நீலச் சாயம் பூசிக்கொண்டு தாளில் பதியச் சொன்னார். அவர் கோட்டும் சூட்டுமாக நின்று கட்டளையிட்டார்; சாயம் அவர் கையில் ஒட்டவில்லை. உழைத்த உடல்கள் அவர்களுடையவை, படைப்பில் இருக்கும் பெயர் அவருடையது. அடையாளமும் உழைப்பும் ஒரே முடிச்சில் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 1970-களின் நடுப்பகுதியில் கரோலி ஷ்னீமன், மரம் வெட்டுபவர்கள் இடுப்பில் கட்டும் கயிற்றுக் கச்சையில் தொங்கியபடி, ஊசலாட்டம் இழுத்துச்சென்ற இடமெல்லாம் கிரேயானால் கோடு போட்டார். வரைபவரும் அவரே, வரையும் கருவியும் அவரே. 1993-இல் ஜனின் அன்டோனி தலைமுடியைக் கருப்புச் சாயத்தில் நனைத்து, கேலரித் தரையைத் துடைப்பதுபோல மண்டியிட்டு நகர்ந்து வரைந்தார். தரை நிறைய நிறையப் பார்வையாளர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். பெண்ணின் வீட்டு வேலை, அழகுப் பராமரிப்பு, ‘மேதை ஓவியனின்’ வீச்சு மூன்றும் ஒரே அசைவில் வந்துவிடுகின்றன. இந்தப் படைப்பில் யாரும் அடையாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வேடம் போட்டுக்கொண்டு வரையலாமா?

தாராளமாக. நிகில் சோப்ரா தன் தாத்தாவின் நினைவிலிருந்து ‘யோக் ராஜ் சித்ரகார்’ என்ற பாத்திரத்தை உருவாக்கி, அந்த உடையில் இடங்களைக் கரியால் பெரிதாக வரைந்தார். 2019 செப்டம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒன்பது நாள் தங்கி, உடையும் பாத்திரமும் மாறி மாறி வரைந்தார். அவர் விஷயத்தில் உண்பது, தூங்குவது, உடை மாற்றுவது எல்லாமே நிகழ்வின் பகுதி.

வேடத்தில் வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்று உண்டு: உடை நடிக்க ஆரம்பித்துவிடும், கை சும்மா இருக்கும். உடை வரைதலை எப்படியாவது மாற்ற வேண்டும். சட்டையின் நீளமான கை கரியை இழுத்துத் தேய்க்கட்டும். இறுக்கமான கோட்டு தோளை உயர்த்தவிடாமல் தடுக்கட்டும். வரையும் கோட்டில் எந்த மாற்றமும் செய்யாத உடை அலங்காரம்தான், கழற்றிவிடலாம்.

‘கலை உழைப்பு’ என்று சொல்வது ஏன்? வியர்க்க வியர்க்க வரைவதா?

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சோர்வைக் காட்டினால் உழைப்பைப் பற்றிப் பேசியாயிற்று என்று நினைப்பது தவறு. நான்கு மணி நேரம் வரைந்து தரையில் சரிந்து விழுவது பார்க்க உருக்கமாக இருக்கும். அதில் உழைப்பைப் பற்றிய சிந்தனை ஒன்றும் இருக்காது.

உழைப்பு என்பது அளவு, நேரம், திரும்பச் செய்தல், பதிவு, கூலி, யார் கண்ணில் படுகிறது யார் கண்ணில் படவில்லை என்பது. தைவானில் பிறந்த கலைஞர் டெஹ்சிங் சியே 1980 ஏப்ரல் முதல் 1981 ஏப்ரல் வரை ஓராண்டு, மணிக்கு ஒருமுறை தொழிற்சாலை வருகைப் பதிவு இயந்திரத்தில் அட்டை குத்தினார். 8,760 முறை குத்த வேண்டியதில் 133 தவறின. எத்தனை தூக்கத்தால், எத்தனை தாமதத்தால், எத்தனை முன்னதாகக் குத்தியதால் என்று காரணத்தோடு எழுதிவைத்தார். இது வரைதல் அல்ல. ஆனால் நேரத்தைக் கணக்காக மாற்றுவது எப்படி என்று கற்க இதைவிட நல்ல பாடம் இல்லை. மியர்லி லேடர்மன் யூகெலெஸ் 1973-இல் அருங்காட்சியகத்தின் தரையையும் வாசற்படிகளையும் கழுவியதையே படைப்பாக்கினார். மோர்கன் ஒ’ஹாராவினுடையது இன்னொரு வழி: வேலை செய்யும் மனிதர்களின் கையசைவை, அது நடக்கும்போதே, இரு கைகளிலும் பென்சில் பிடித்துத் தாளில் பின்தொடர்கிறார். அங்கே பிறர் உழைப்பு அவருடைய கோடாகிறது.

எனவே கேட்க வேண்டியது: உங்கள் நிகழ்வில் தாளை விரிப்பது யார், கரித்தூளைப் பெருக்குவது யார்? அது பார்வையாளர் போன பிறகு நடக்கும் வேலையா, அவர்கள் கண்முன் நடப்பதா? பெருக்குவதையும் நிகழ்வின் நேரத்துக்குள் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது எங்கள் கருத்து.

முதல் நிகழ்வை எப்படி வடிவமைப்பது?

மூன்றே விஷயங்களைத் தாளில் எழுதுங்கள்: என்ன செயல், என்ன தடை, எப்போது முடியும். நான்காவதாக ஒன்றை எழுதத் தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள்.

உதாரணம்: சுவரில் 150 செ.மீ. அகலத் தாள். நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் ஒரு கோடு. கரி உடைந்து விழுந்தால் குனிந்து எடுக்கக் கூடாது, புதியது எடுக்க வேண்டும். 40 நிமிடத்தில் மணி அடித்ததும் கையை இறக்க வேண்டும், அப்போது கோடு பாதியில் நின்றாலும் சரி.

இனிக் கணக்கு. ஓய்வில் இருப்பவர் நிமிடத்துக்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுவார். 15 என்று வைத்தால் 40 நிமிடத்தில் 600 கோடு. ஒவ்வொன்றும் 60 செ.மீ. என்றால் 360 மீட்டர். உங்கள் கரித்துண்டு ஒன்று எத்தனை மீட்டர் வரும் என்று முன்கூட்டியே இழுத்துப் பாருங்கள். தேவையான எண்ணிக்கைக்கு மேல் பாதி கூடுதலாக வையுங்கள். கரி பாதியில் தீர்ந்துபோவது முதல் நிகழ்வுகளில் மிகச் சாதாரணம்.

விதியை நடுவில் மாற்றாதீர்கள். படம் அழகாக வரவில்லை என்று தோன்றும் நிமிடம் கட்டாயம் வரும். அப்போது கை தானாக ‘சரிசெய்ய’ப் போகும். விதியை மீறாமல் அந்த நிமிடத்தைக் கடந்தால்தான் பயிற்சி பெற்ற கையின் சாமர்த்தியம் ஓய்ந்து, உடலின் கோடு வெளியே வரும்.

அடையாளம் சார்ந்த பயிற்சி ஏதாவது சொல்ல முடியுமா?

இரண்டு சொல்லலாம். முதலாவது பெயர். உங்களை வீட்டில் அழைக்கும் பெயர், ஆவணத்தில் உள்ள பெயர், நண்பர்கள் வைத்த பெயர் என்று எத்தனை இருக்கிறதோ அத்தனையையும், ஒரே வரியின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக 30 நிமிடம் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கை மாறட்டும். கொஞ்ச நேரத்தில் எழுத்து படிக்க முடியாத கருப்புப் பட்டையாகிவிடும், ஆனால் கை எந்தப் பெயரை எழுதுகிறது என்பது முழங்கை அசைவிலேயே பார்வையாளருக்குத் தெரியும். கையெழுத்தாகப் பழகிய பெயர் வேகமாகப் போகும். அரிதாக எழுதும் பெயர் தடுமாறும். அந்த வேக வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ராபர்ட் மோரிஸ் 1973-இல் தொடங்கிய ‘கண்மூடிய’ வரைதல்களின் முறை. கண்ணை மூடிக்கொண்டு கிராஃபைட் (பென்சிலின் கருப்புப் பொருள்) தூளைக் கையில் தொட்டு, முன்பே தீர்மானித்த ஒரு வேலையைச் செய்ய வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊகித்துவைத்து, முடித்த பின் ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளின் ஓரத்தில் எழுத வேண்டும். இதைச் செய்துபார்த்தால் உங்கள் உடலைப் பற்றி நீங்கள் நினைத்திருப்பதற்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி எண்ணாகவே வந்து நிற்கும். ‘நடுவில்’ என்று நினைத்து வைத்த புள்ளி எந்தப் பக்கம் விலகுகிறது என்பதையும் குறித்துவையுங்கள்; பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் விலகும்.

எந்தத் தாள், எந்தக் கரி?

பயிற்சிக்கு எந்தச் சுருள் தாளும் போதும். நிகழ்வுக்குச் சுவரில் என்றால் 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) முதல், தரையில் மண்டியிட்டோ படுத்தோ வரைவதென்றால் 200-க்குக் குறையாமல். அதைவிட மெல்லிய தாள் முழங்காலுக்கு அடியில் சுருங்கி, அழிப்பானின் முதல் அழுத்தத்திலேயே கிழியும். சுருள் தாள் நீளவாக்கில் சுலபமாகக் கிழியும், குறுக்காகக் கிழிவது கடினம். எனவே அழுத்தமான வீச்சு குறுக்கே போகும்படி தாளைத் திருப்பிப் போட முடிந்தால் நல்லது.

வில்லோ மரக்குச்சியைச் சுட்டுச் செய்த வில்லோ கரி மென்மையானது, கையால் தட்டினாலே போய்விடும். அழிப்பதும் திரும்ப வரைவதும் உங்கள் படைப்பின் பகுதி என்றால் இதுதான். அழுத்திச் செய்த கரியில் பசை சேர்ந்திருப்பதால் கருப்பு ஆழமாக இருக்கும், ஆனால் முழுதாக அழியாது. உடல் எடை முழுதும் கையில் இறங்கும் நிகழ்வில் பென்சில் தடிமனுள்ள குச்சி நொறுங்கும், 12 மி.மீ.க்கு மேல் தடிமன் வேண்டும்.

தாள்கள் இரண்டை ஒட்ட வேண்டிவந்தால், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு வைத்துப் பின்பக்கம் காகித டேப் ஒட்டுங்கள். ஏறிய விளிம்பில் கரி தேங்கி, நீங்கள் போடாத ஒரு நேர்க்கோடு படம் முழுக்க ஓடும்.

தாள் ஏன் அலைஅலையாக எழும்புகிறது? டேப் ஏன் பிடிக்கவில்லை?

தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும். வந்த அன்றே நான்கு பக்கமும் இறுக்கி ஒட்டினால் விரிய இடமில்லாமல் நடுவில் எழும்பும். முந்தைய நாளே அறையில் விரித்து, சுருண்ட பக்கம் கீழாக இருக்கும்படி கனம் வைத்துவிடுங்கள்.

மாஸ்க்கிங் டேப் பயிற்சிக்கு மட்டும். கீழ்நோக்கி இழுக்கும் கோடுகள் நூறு சேர்ந்தால் அது உரியும். சுவரில் மேல் விளிம்பை மெல்லிய மரச்சட்டத்துக்குள் வைத்துத் திருகாணி போடுங்கள், கீழ் விளிம்பைத் தளர்வாக விடுங்கள். தரையில், தாளுக்கு அடியில் ஹார்ட்போர்டு போடுவது கட்டாயம். ஓடு பதித்த தரை என்றால் ஒவ்வொரு இடுக்கும் படத்தில் வந்துவிடும். அதுவே வேண்டும் என்றால் அது வேறு கதை.

நடுவில் கரி பிடிக்காமல் வழுக்குகிறதே?

தாளின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய சொரசொரப்புதான் கரியைப் பிடிக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரைந்தால் அந்தக் குழிகள் நிறைந்துவிடும். மேலே போடும் கரி தூளாக உதிரும். இது வழக்கமாக நிகழ்வின் பிற்பகுதியில், எல்லாரும் உச்சத்தை எதிர்பார்க்கும் நேரத்தில் நடக்கும். பதறிப்போய் அழுத்தினால் தாள் கிழியும்.

மூன்று வழி உண்டு. அழிப்பானை எடுத்து வெள்ளைக் கோடு போடத் தொடங்கலாம். வில்லோவிலிருந்து அழுத்திய கரிக்கு மாறலாம், ஆனால் எதிர்த்திசையில் மாறினால் ஒன்றும் ஒட்டாது. அல்லது கரி பிடிக்காமல் போவதையே முடிவாக வைக்கலாம்: ‘தாள் மறுக்கும் வரை’ என்பது கடிகாரத்தைவிட நேர்மையான முடிவு என்றே தோன்றுகிறது.

எவ்வளவு நேரம் செய்யலாம்?

முதல் நிகழ்வு 20 முதல் 40 நிமிடம். உடல் பழகிய பிறகு இரண்டு மணி நேரம். அதற்கு மேல் போவதற்கு ஒரு காரணம் வேண்டும். ‘நீளமாக இருந்தால் தீவிரமாக இருக்கும்’ என்பது காரணம் அல்ல. ஆறு மணி நேர வேலை நாளின் நீளத்தையே வரைவதென்றால், அது காரணம். அப்போது இடைவேளையும் வேலை நாளில் வருவதுபோலவே வரட்டும், அதைப் பார்வையாளர் முன்னால் எடுங்கள்.

உடலுக்கும் நுரையீரலுக்கும் என்ன பாதுகாப்பு?

கரித்தூளை வாயால் ஊதாதீர்கள். எல்லாரும் செய்யும் தவறு இதுதான். ஊதிய தூள் திரும்ப உங்கள் முகத்துக்கே வரும். பயிற்சியில் என்95 முகக்கவசம் போடுங்கள். நிகழ்வில் முகம் தெரிய வேண்டுமென்றால் தூள் குறைவாக உதிரும் அழுத்திய கரியையோ கிராஃபைட் கட்டியையோ தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் தூள் கிளம்பும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், அல்லது நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்துங்கள். ஃபிக்ஸேட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் திரவம்) தெளிப்பது ஆட்கள் போன பிறகு, காற்றோட்டமான இடத்தில்.

கிராஃபைட் தூள் விரவிய வழவழப்பான தரை வழுக்கும். அது மின்சாரத்தையும் கடத்தும், ஆகவே லேப்டாப்பையும் ஒலி மிக்ஸரையும் தள்ளி வையுங்கள்.

முழங்காலுக்குக் கைப்பந்து வீரர்கள் போடும் பட்டை, உடைக்கு உள்ளே. தோளுக்குப் பத்து நிமிடம் முன்பயிற்சி. மறுநாள் தோளின் முன்பக்கம் குத்தினால் கையைத் தலைக்கு மேல் அதிக நேரம் வைத்திருந்தீர்கள் என்று பொருள். தாளை 20 செ.மீ. இறக்குங்கள். விரல் மரத்துப்போனால் அப்போதே நிறுத்திவிடுங்கள்; ‘தாங்கிக்கொள்வது’ இந்தக் கலையின் நிபந்தனை அல்ல.

கோட்டின் ஓசையைப் பெருக்கிக் காட்டலாமா?

காட்டலாம். தாளில் ஒட்டாமல், அடியில் இருக்கும் பலகையின் பின்புறத்தில் பீசோ வகை கான்டாக்ட் மைக் (பரப்பின் அதிர்வைப் பிடிக்கும் மைக்) ஒட்டுங்கள். அதை நேரே மிக்ஸரில் சொருகினால் அடியொலி போய்த் தகரச் சத்தம் மட்டும் வரும். நடுவே அதற்கான ப்ரீ-ஆம்ப் (மைக்கின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றதாக்கும் கருவி) வேண்டும். ஸ்பீக்கரை அந்தப் பலகைக்கு எதிரே திருப்பினால் ஊளையிடும்.

வீடியோ எடுப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

கேமராவின் எக்ஸ்போஷரையும் (ஒளி அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். வெள்ளைத் தாள் மெல்லக் கருப்பாகும்போது, தானியங்கி முறையில் இருக்கும் கேமரா அதை ஈடுகட்டப் படத்தை வெளிறச் செய்யும். முழு நிகழ்வும் ஒரே சாம்பலாகத் தெரியும். இது பிறகு எடிட்டிங்கில் சரியாகாது.

அசையாத ஒரு கேமரா முழுத் தாளையும் முழு நேரமும் பார்க்கட்டும். இன்னொன்று கையருகே. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் மணிக்குச் சுமார் 45 ஜி.பி. ஆகும். சில கேமராக்கள் அரை மணிக்கு ஒருமுறை தானாக நின்றுவிடும், முன்பே சோதியுங்கள். உழைப்பைப் பற்றிய படைப்பை இரண்டு நிமிட வேகக்காட்சியாகச் சுருக்கி வெளியிடுவது அந்தப் படைப்பையே மறுப்பதாகும். சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால், வேகம் கூட்டாமல் ஒரு நிமிடத்தை வெட்டிக் காட்டுங்கள்.

பார்வையாளரை வரைய அழைக்கலாமா?

அழைக்கலாம், ஆனால் அவர் கோட்டுக்கு என்ன ஆகும் என்பதை முன்பே சொல்லுங்கள்: அழிக்கப்படுமா, விற்கப்படுமா, பெயர் போடுவீர்களா. வீடியோவில் முகம் வருவதற்கும் உடலைத் தொடுவதற்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். பிறர் உடலைக் கருவியாக்கிவிட்டு உங்கள் பெயரை மட்டும் போட்டால், க்ளைன் நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள்.

எனக்கு வரையவே வராது. செய்யலாமா?

செய்யலாம். நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் இது கடினம்.

நிகழ்வு முடிந்த தாளை என்ன செய்வது?

முன்பே முடிவு செய்யுங்கள். வைத்திருப்பதென்றால், தட்டி, உதிர்வதை உதிரவிட்டு, ஃபிக்ஸேட்டிவை ஒரேயடியாக நனைக்காமல் மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே காயவிட்டுத் தெளியுங்கள். அதிகம் தெளித்தால் வில்லோவின் சாம்பல் நிறங்கள் கருத்து ஒன்றாகிவிடும். அமிலமற்ற மெல்லிய தாளை மேலே வைத்து, பெரிய குழாயின் வெளிப்புறத்தில் வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றுங்கள்.

விவரக் குறிப்பில் ‘கரி, தாள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். விதி, நேரம், தேதி, இடம் நான்கும் வேண்டும். இல்லையென்றால் பத்தாண்டு கழித்து அது ஒரு சுமாரான அரூப ஓவியமாகத்தான் பார்க்கப்படும்.

என் சம்பளத்தைக் கணக்கிட கேலரி கேட்டால், எத்தனை மணி நேரம் என்று சொல்வது?

நிகழ்வின் நேரத்தை மட்டும் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு மணி நேர நிகழ்வு ஒன்றை மாதிரிக்குப் பிரித்துப் பார்க்கலாம்: பொருள் வாங்கிச் சோதிக்க 5 மணி, மூன்று ஒத்திகைக்கு 6, அறையில் தாள் பொருத்த 4, நிகழ்வு 2, சுத்தம் செய்ய 2, பதப்படுத்திக் கட்ட 3, வீடியோ தொகுக்க 8. மொத்தம் 30. நிகழ்வு அதில் பதினைந்தில் ஒரு பங்கு. ஒப்பந்தத்தில் மணிக்கணக்கை இப்படிப் பிரித்தே எழுதுங்கள். பொருள் செலவு வேறாக, உதவியாளர் கூலி வேறாக. தாள் யாருக்குச் சொந்தம், வீடியோவை யார் எங்கே காட்டலாம், உடல்நலக் காரணத்தால் நடுவில் நிறுத்தினால் முழுச் சம்பளம் உண்டா என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். மணிக்கணக்குப் பட்டியலைப் படத்துக்குப் பக்கத்தில் சுவரிலேயே மாட்டும் கலைஞர்களும் உண்டு; கேலரி தயங்கினால், அந்தத் தயக்கத்தைப் பற்றியும் பேசிவிடுவது நல்லது.